ஆக்ஸ்ஃபோர்டு எம்பிஏ ஃபார்மில் கல்லூரி என்ற கட்டத்தில் எதை எழுதுவது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கமிருந்து வருடத்துக்கு இரண்டு மூன்று பேராவது கேட்டுவிடுகிறார்கள். "அண்ணே, ஆக்ஸ்ஃபோர்டு எம்பிஏவுக்கு ஃபார்ம் போடுறேன், அதில் காலேஜ் எதுன்னு கேக்குது, பிசினஸ் ஸ்கூல் பேரைத்தானே போடணும்?" இல்லை தம்பி. சயீத் பிசினஸ் ஸ்கூல் பாடம் நடத்தும் இடம். வகுப்பு, வேலை தேட உதவும் அலுவலகம் எல்லாம் அங்கே. ஃபார்மில் கேட்பது வேறு. அந்த ஊரில் நாற்பது சொச்சம் கல்லூரிகள் இருக்கின்றன, பட்டப்படிப்புக்குச் சேருகிறவர் அதில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்தவராக இருந்தாக வேண்டும். நகரத்தார் பர்மாவில் லேவாதேவி பண்ணினாலும் மலாயாவில் பண்ணினாலும், இளையாத்தங்குடியோ மாத்தூரோ பிள்ளையார்பட்டியோ, தங்களுடைய ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவராகத்தானே இருந்தார்கள், அப்படி வைத்துக்கொள்ளுங்கள். தொழில் ஒரு இடம், சேர்ந்திருப்பது ஒரு இடம்.

அதனால் பெரிய பெயராகப் பார்த்து எழுதாதீர்கள். எந்தக் கல்லூரியை எழுதினாலும் எம்பிஏ இடம் கிடைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முதலில் பிசினஸ் ஸ்கூல் உங்களை எடுக்கும், அப்புறம்தான் ஃபார்ம் கல்லூரிக்குப் போகும், நீங்கள் கேட்ட கல்லூரியில் இடமில்லை என்றால் வேறு ஒன்று தருவார்கள். கல்லூரி இல்லாமல் யாரும் நிற்பதில்லை. எல்லாக் கல்லூரியும் எம்பிஏ மாணவர்களை எடுப்பதுமில்லை. மன்மோகன் சிங் ஆய்வுப் பட்டம் வாங்கிய நஃபீல்டு வேண்டும் என்று ஒரு பையன் ஆசைப்பட்டான். அது சமூக அறிவியல் ஆய்வுக்கான கல்லூரி. எம்பிஏவுக்கு எவை எடுக்கின்றன என்று பாடப்பிரிவின் பக்கத்திலேயே பட்டியல் இருக்கும், அதை வைத்துக்கொண்டு தொடங்குங்கள். இன்னொன்று, ராமானுஜன் இருந்த டிரினிட்டி கேம்பிரிட்ஜில் இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் ஒரு டிரினிட்டி உண்டு, அது வேறு. வுல்ஃப்சன் என்ற பெயரிலும் இரண்டு ஊரிலும் கல்லூரி உண்டு, தேடும்போது எந்த ஊர்ப் பக்கத்தைப் படிக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது அறை எந்தத் தேதியிலிருந்து கிடைக்கும் என்பதை. எம்பிஏ செப்டம்பரிலேயே தொடங்கிவிடும். பல்கலைக்கழகத்தின் முதல் பருவமோ அக்டோபரில்தான். பல கல்லூரிகள் அறை ஒப்பந்தத்தை அந்தப் பருவத்தை ஒட்டியே போடுகின்றன. நான் அதைக் கவனிக்காமல் போய் இறங்கினேன். இரண்டு பெட்டியோடு, நாள் வாடகைக்கு ஒரு தங்குமிடத்தில் கிட்டத்தட்ட மூன்று வாரம். ஒரு மாத வாடகைக்கு மேல் போனது, அப்பச்சியிடம் போனில் சொல்லக்கூட மனசு வரவில்லை. கல்லூரியிடம் முன்பே கேட்டிருந்தால் வேறு ஏற்பாடு செய்திருப்பார்கள். இதேபோல விடுமுறையையும் கேளுங்கள். இளநிலை மாணவர்கள் நிறைந்த கல்லூரிகளில் விடுமுறை வந்தால் சாப்பாட்டுக்கூடம் மூடும், சில இடங்களில் அறைகளை மாநாட்டுக்கு வாடகைக்கு விடுவார்கள். எம்பிஏ கோடையிலும் ஓடுகிற படிப்பு.

இதற்காகவே நான் முதுநிலை மாணவர்கள் மட்டும் இருக்கும் கல்லூரிகள் பக்கம் சாய்வேன். க்ரீன் டெம்பிள்டன், கெல்லாக், லினக்கர், செயின்ட் க்ராஸ், வுல்ஃப்சன், 2019இல் தொடங்கிய ரூபன் எல்லாம் அந்த வகை. க்ரீன் டெம்பிள்டன் 2008இல் இரண்டு கல்லூரிகள் சேர்ந்து உருவானது, அதில் ஒன்று மேலாண்மைக்கென்றே இருந்தது, மற்றதில் மருத்துவர்கள் அதிகம். மருத்துவமனை, மருந்துத் தொழில் என்று யோசிக்கிறவருக்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கெல்லாக்கில் வேலையில் இருந்துகொண்டே பகுதிநேரமாகப் படிப்பவர்கள் ஏராளம். மனைவி, குழந்தையோடு போகிறீர்களா, வுல்ஃப்சனைப் பாருங்கள். செர்வெல் ஆற்றங்கரையில் இருக்கிறது, குடும்பத்துக்கான வீடுகள் உண்டு, வளாகத்திலேயே குழந்தைகள் காப்பகமும் உண்டு. ஆனால் பிசினஸ் ஸ்கூல் ரயில் நிலையத்துக்கு எதிரே, ஊரின் அந்தக் கோடியில். வுல்ஃப்சனிலிருந்து சைக்கிளில் கால் மணி நேரமாவது ஆகும். டிசம்பரில் மாலை நான்கு மணிக்கே இருட்டி, தூறலும் சேர்ந்தால் அந்தக் கால் மணி நேரம் நீளமானது.

பழைய கல்லூரிதான் வேண்டும், அங்கியும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் விருந்தும் வேண்டும் என்றால் தாராளமாக எழுதுங்கள், அதுவும் ஒரு அனுபவம்தான். அங்கே முதுநிலை மாணவர்களுக்கென்று தனிப் பொது அறை இருக்கும், அது எவ்வளவு கலகலப்பாக இருக்கிறது என்று அங்கே படிக்கிறவரிடம் விசாரியுங்கள். எங்கே போனாலும் எம்பிஏ கூட்டத்தோடு மட்டும் ஒட்டிக்கொள்ளாதீர்கள், அவர்களைத்தான் பகல் முழுக்க வகுப்பில் பார்க்கப்போகிறீர்களே. கல்லூரியில் பக்கத்து அறையில் மலேரியா ஆராய்ச்சி பண்ணுகிறவரும் சமஸ்கிருதம் படிக்கிறவரும் இருப்பார்கள். நம் ஊர்ப் பெரிய வீட்டில் ஆளுக்கொரு அறை, வளவு என்கிற நடு முற்றம் மட்டும் எல்லாருக்கும் பொது என்று இருக்குமே, அந்த வளவில் வந்து உட்காருவதற்குத்தான் கல்லூரி.

சாப்பாட்டை லேசாக எடுக்காதீர்கள். மூன்று வேளையும் கூடத்துச் சாப்பாடு நமக்குச் சரிப்படாது, சைவக்காரர்களுக்கு இன்னும் சிரமம். சமையலறை எத்தனை பேருக்குப் பொது, ஃப்ரீசர் உண்டா, மாதாமாதம் சாப்பாட்டுக்கென்று கட்டாயமாகப் பணம் பிடிப்பார்களா என்று கேளுங்கள். என் தளத்தில் எட்டுப் பேருக்கு ஒரு அடுப்பு, கடுகு தாளித்தால் புகை அலாரம் அலறும்.

இரண்டு மூன்று கல்லூரிகளைத் தேர்ந்தெடுத்த பிறகு ஒவ்வொன்றின் தங்குமிட அலுவலகத்துக்கும் ஒரு சின்ன மெயில் போடுங்கள். எம்பிஏ மாணவருக்கு முதல் வருடம் அறை உறுதியா, செப்டம்பரில் எந்தத் தேதியிலிருந்து, ஒப்பந்தம் எத்தனை மாதம், வாடகையில் மின்சாரமும் ஹீட்டரும் சேர்த்தியா, கல்லூரி சொந்தமாகத் தரும் உதவித்தொகை ஏதாவது உண்டா, அதற்கு அந்தக் கல்லூரியை முதலிலேயே எழுதியிருக்க வேண்டுமா. நேராகப் பதில் சொல்கிற கல்லூரியை எழுதுங்கள். எதிலும் மனசு நிற்கவில்லை என்றால் இன்ன கல்லூரி என்ற விருப்பம் இல்லை என்று குறித்துவிட்டு, அந்த நேரத்தை ஃபார்மோடு அனுப்பும் கட்டுரையைத் திருத்துவதில் போடுங்கள்.