ஈசி2 சர்வரை கமாண்ட் லைனில் நிறுத்துவதற்கு முன்

அமேசானின் ஈசி2 சர்வர்களை (இணையம் வழியே வாடகைக்கு எடுக்கும் கணினிகள்) இன்னும் பிரவுசரில் கிளிக் செய்தே கவனித்துக்கொண்டிருந்தால் கட்டளை அடித்து வேலை வாங்கும் கருவியான ஏடபிள்யூஎஸ் சிஎல்ஐ-க்கு மாறிவிடுங்கள், பழகிவிட்டால் வேலை பாதியாகக் குறையும். நிறுவியதும் 'ஏடபிள்யூஎஸ் கான்ஃபிகர்' என்று அடியுங்கள். ஆக்சஸ் கீ, சீக்ரெட் கீ, ரீஜன் (சர்வர் இருக்கும் வட்டாரம்), அவுட்புட் வடிவம் என்று நாலு கேள்வி வரும். முழு அதிகாரமும் கொண்ட ரூட் கணக்கின் கீயை இங்கே கொடுக்கவே கூடாது. ஐஏஎம்-ல் (யாருக்கு என்ன அனுமதி என்று வைக்கும் இடம்) தனி யூசர் உருவாக்கி, தேவையான அனுமதி மட்டும் தந்து அந்தக் கீயைப் போடுங்கள்.

ரீஜன் விஷயத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். மும்பை என்றால் ஏபி-சவுத்-1. 'டிஸ்க்ரைப்-இன்ஸ்டன்சஸ்' (இன்ஸ்டன்ஸ் என்றால் சர்வர்) கொடுத்தால் அந்த ஒரு ரீஜனில் இருப்பதை மட்டும்தான் காட்டும், அதனால் பட்டியல் காலியாக வந்தது என்று நிம்மதியாகப் படுக்கப் போய்விடாதீர்கள், எப்போதோ சோதனைக்காக சிங்கப்பூரில் போட்ட சர்வர் அங்கே ஓடிக்கொண்டே இருக்கலாம். 'ரீஜன்' ஆப்ஷனை மாற்றி மாற்றிக் கொடுத்து, பயன்படுத்திய எல்லா இடங்களையும் பாருங்கள்.

சரி, நிறுத்துவது. 'ஸ்டாப்-இன்ஸ்டன்சஸ்' கொடுத்தால் சர்வர் ஓடும் நேரத்துக்கான கட்டணம் நிற்கும், ஆனால் அதோடு ஒட்டியிருக்கும் இபிஎஸ் டிஸ்குக்கான கட்டணம் ஏறிக்கொண்டேதான் இருக்கும். திரும்ப 'ஸ்டார்ட்' செய்யும்போது பப்ளிக் ஐபி மாறிவிடும். டொமைனைப் பழைய ஐபிக்குக் காட்டியிருந்தால் தளம் திறக்காது. எலாஸ்டிக் ஐபி வாங்கி வைத்தால் மாறாது, ஆனால் 2024 பிப்ரவரியிலிருந்து பப்ளிக் ஐபிவி4 முகவரி ஒவ்வொன்றுக்கும் மணிக்கு 0.005 டாலர், சும்மா வைத்திருந்தாலும்கூட. வெறும் ரீபூட் என்றால் ஐபி அப்படியே இருக்கும்.

'டெர்மினேட்-இன்ஸ்டன்சஸ்' வேறு கதை, சர்வரையே அழித்துவிடும். போனது போனதுதான், வழக்கமாக ரூட் டிஸ்கும் சேர்ந்து அழியும். அதனால் முதலில் 'ட்ரை-ரன்' ஆப்ஷனோடு ஓட்டுங்கள், எதையும் அழிக்காமல் அனுமதி இருக்கிறதா என்று மட்டும் சோதிக்கும். பதில் எரர் மாதிரி வரும், பயப்பட வேண்டாம். 'ட்ரைரன்ஆபரேஷன்' என்று இருந்தால் அனுமதி உண்டு என்று அர்த்தம். ஆனால் கொடுத்த ஐடி நீங்கள் நினைத்த சர்வருடையதுதானா என்று அது சொல்லாது, அதை நீங்கள்தான் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க வேண்டும். முக்கியமான சர்வர்களுக்கு 'மாடிஃபை-இன்ஸ்டன்ஸ்-அட்ரிபியூட்' வழியாக டெர்மினேஷன் பாதுகாப்பை இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

அப்புறம், ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்களுக்கு ஒன்று. 'ஸ்டார்ட்' கொடுத்த கையோடு எஸ்எஸ்எச் செய்தால் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்தால்) இணையாது, ரன்னிங் என்று காட்டினாலும் உள்ளே பூட் முடிந்திருக்காது. நடுவே 'வெயிட் இன்ஸ்டன்ஸ்-ஸ்டேட்டஸ்-ஓகே' போட்டால் 15 நொடிக்கு ஒருமுறை அதுவே கேட்டுப் பார்த்து, தயாரானதும் அடுத்த வரிக்குப் போகும்.