பழைய பாணியில் வரும் புதிய பெரிய ரிவால்வர்: முதல் பார்வையில் செய்யும் தவறுகள்

பழைய வடிவத்தில் இன்று புதிதாகச் செய்யப்படும் பெரிய சட்டக (அதாவது பெரிய உடற்கூடு கொண்ட) ரிவால்வரைக் கையில் வாங்கிப் பார்ப்பவர்களில் பெரும்பாலோர், அதன் எடையையும் மெருகையும் மட்டும் வைத்து அங்கேயே ஒரு தீர்ப்பைச் சொல்லிவிடுகிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் நிறுவனத்தின் ‘என்’ என்னும் பெரிய சட்டகத்தில் அமைந்த மாடல் 29, 2021-இல் மீண்டும் வெளிவந்த கோல்ட் அனகோண்டா போன்றவற்றைப் பார்த்து, “பழசுக்கு ஈடாகுமா?” என்று உதட்டைப் பிதுக்குவோர் ஒரு பக்கம், நீலக்கருமையாக மின்னும் எஃகில் மயங்கி, பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே விடுவோர் இன்னொரு பக்கம். கண்ணுக்குத் தெரிவதும் கைக்குத் தெரிவதும் உள்ளே இருக்கும் பொறியமைப்பைப் பற்றி அதிகம் சொல்வதில்லை. அதைத் தனியாகச் சோதித்துத்தான் அறிய வேண்டும்.

திருநெல்வேலிச் சீமையில் இருந்துகொண்டு இதைப் படிப்பவர்கள், இவ்வகைத் துப்பாக்கி இங்கே கடையில் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். உரிமம் பெற்ற பொதுமக்கள் நம் நாட்டில் வாங்கும் புதிய ரிவால்வர் பெரும்பாலும் கான்பூரில் செய்யப்படும் .32 (குழல் துளையின் அளவைக் குறிக்கும் எண்) வகையே. பிரிட்டனின் பழைய வெப்லி ரிவால்வர் அமைப்பைப் பின்பற்றி நடுவில் மடிந்து திறக்கும் ரிவால்வரும் அவற்றுள் ஒன்று என்பதால், கீழே சொல்லப்படுவதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும். பெரிய சட்டகத் துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பு, அமெரிக்காவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கும் அவர்களைப் பார்க்கப் போகும் பெற்றோருக்கும்தான் வாய்க்கிறது. அங்கே செய்யும் முதல் தவறு சட்டம் பற்றியது. எச்1பி விசாவிலோ சுற்றுலா விசாவிலோ இருப்பவர் துப்பாக்கியைத் தன்வசம் வைத்திருப்பதை அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. நண்பர் வாங்கிவைத்திருக்கிறார் என்பதற்காகச் சுடுதளத்துக்குக் கிளம்புமுன் இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

பழையதோடு ஒப்பிடுவதில் ஒரு நியாயமின்மை இருக்கிறது. 1950களின் நடுவில் .44 மேக்னம் என்னும் வலுவான தோட்டா வந்தபோது செய்யப்பட்ட ரிவால்வர்களில் இன்று நம் கைக்கு வருபவை, பல ஆண்டுகள் இயங்கி உள்ளுறுப்புகள் ஒன்றோடொன்று இழைந்துபோனவை. புதிய துப்பாக்கியின் டிரிகர் அதற்குப் பக்கத்தில் சற்றுக் கரகரப்பாகத் தெரிவது இயல்பு. ஒப்பிட வேண்டிய வேறுபாடுகள் வேறு. குழலைச் சட்டகத்தில் குறுக்கு ஊசியால் பிணைக்கும் முறையை ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 1982-இல் கைவிட்டது. பின்னாலிருந்து அடிக்கும் சுத்தியலான ஹாமரின் மூக்கில் இருந்து, தோட்டாவின் அடியைக் குத்தி வெடிக்கச் செய்யும் அடிமுள் இப்போது சட்டகத்துக்குள் போய்விட்டது. தோட்டா அறைகள் கொண்டு சுழலும் உருளையான சிலிண்டரைத் திறக்கும் பொத்தானுக்கு மேலே, சாவியால் பூட்டும் சிறு துளை ஒன்று இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து சேர்ந்தது. அந்தத் துளை அழகைக் கெடுக்கிறது என்பது என் கருத்தும்தான். ஆனால் அது பிடிக்காதவர், பூட்டில்லாமல் வரும் பதிப்பைக் கேட்டு வாங்கலாமே தவிர, அதை வைத்து முழுத் துப்பாக்கியையும் மட்டம் என்று தள்ளுவது சரியில்லை.

கையில் வாங்கியதும் குழலைப் பாதுகாப்பான திசையில் திருப்பி, சிலிண்டரைத் திறந்து, ஆறு அறைகளும் காலியா என்று கண்ணால் பார்த்து விரலாலும் தொட்டுப் பார்க்க வேண்டும். “இப்போதுதான் பார்த்தேன்” என்று கொடுப்பவர் சொன்னாலும் பார்க்க வேண்டும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் மீது வாஞ்சிநாதன் பயன்படுத்தியது பிரௌனிங் தானியங்கிக் கைத்துப்பாக்கி. ஆனாலும் எங்கள் பக்கத்தில் அந்தக் கதையைச் சொல்லும்போது பலர் அதையும் ரிவால்வர் ஆக்கிவிடுவார்கள். கதையில் அதனால் கேடில்லை. கையில் வைத்திருக்கும்போது கேடு உண்டு. தானியங்கியில் தோட்டாப் பெட்டியைக் கழற்றிய பிறகும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கக்கூடும். ரிவால்வரிலோ திறந்த மாத்திரத்தில் எல்லா அறைகளும் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும்.

பார்த்து முடித்ததும், சினிமாவில் செய்வதுபோல மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டிச் சிலிண்டரை ‘டக்’ என்று மூடுகிறார்கள். இதைப்போலக் கேடு வேறில்லை. சிலிண்டரைத் தாங்கி வெளியே வரும் எஃகுக் கை மெலிதானது. முழு எடையும் வேகமாக வந்து மோத மோத அது நூலளவு வளையும். அந்த நூலளவே சிலிண்டர் அறைக்கும் குழலுக்கும் உள்ள நேர்கோட்டைக் கெடுக்கப் போதும். இடக்கைக் கட்டைவிரலால் மெதுவாகத் தள்ளி மூட வேண்டும். பிறருடைய துப்பாக்கியைச் சுண்டி மூடுகிறவரிடம் அதைத் திரும்ப வாங்கிக்கொள்வதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

அடுத்து எல்லோரும் விட்டுவிடும் சோதனை. காலியான துப்பாக்கியின் சிலிண்டர் மீது இடக்கை விரலை மிக இலேசாக அழுத்தி, சுற்றுவதற்குச் சிறு தடை கொடுத்துக்கொண்டே, வலக்கைக் கட்டைவிரலால் ஹாமரை மிக மெதுவாகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். சிலிண்டர் நகர்ந்து வந்து, அடியில் உள்ள ‘நிறுத்தி’ என்னும் சிறு முளை சிலிண்டரின் பள்ளத்தில் விழும் ஓசை கேட்கும். ஹாமர் முழுதாகப் பின்னால் நின்று பிடிக்கும் ஓசையும் கேட்கும். முதல் ஓசை முந்தியோ இரண்டாவதோடு சேர்ந்தோ வர வேண்டும். ஹாமர் நின்ற பிறகும் நிறுத்தி பள்ளத்தில் விழாமல் இருந்தால், அந்த அறை குழலுக்கு நேராக வரவில்லை என்று பொருள். தோட்டா வெளியேறும்போது ஈயம் சீவப்பட்டுப் பக்கவாட்டில் தெறிக்கும். ஓர் அறையில் சரியாக இருந்ததைக் கொண்டு விட்டுவிடாமல் ஆறிலும் பார்க்க வேண்டும். ஹாமர் பின்னால் நிற்கும்போது சிலிண்டர் பக்கவாட்டில் இம்மியளவு ஆடுவது குறையல்ல. அதைக் கண்டு பதறுவதும் ஒரு தவறு.

சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையே வெளிச்சம் தெரிகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போனவர்களும் உண்டு. அந்த இடைவெளி இல்லாவிட்டால் சிலிண்டர் சுற்றவே சுற்றாது. 0.10 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை இருந்தால் பொதுவாகச் சரியென்று கொள்ளலாம். இருசக்கர வாகனப் பட்டறையில் டாப்பெட் வைக்கப் பயன்படும், மெல்லிய தகடுகளால் இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜே போதும்; திணிக்காமல், வழுக்கிக்கொண்டு போகும் தகட்டைக் கணக்கில் எடுக்க வேண்டும். சுடும்போது இந்த இடைவெளியின் வழியாகத்தான் கொதிக்கும் வாயு பீறிட்டு வெளியேறும். தானியங்கியில் பழகியவர் கட்டைவிரலை முன்னால் நீட்டிப் பிடிக்கும் வழக்கத்தில் இங்கேயும் நீட்டினால், மேக்னம் தோட்டாவின் வாயு விரலைக் கிழித்துவிடும்.

முதல் தடவையே முழு வலுவுள்ள தோட்டாவைப் போட்டுப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வருவதுதான். .32 ரிவால்வர் ஏறத்தாழ 6 கிராம் ஈயத்தை மிதமான வேகத்தில் அனுப்புகிறது; .44 மேக்னமோ 15 கிராமுக்கு மேற்பட்டதை வினாடிக்கு 400 மீட்டரையும் தாண்டிய வேகத்தில் அனுப்பக்கூடியது. துப்பாக்கி 1.4 கிலோ அளவுக்குக் கனப்பது அந்த எதிர்விசையைத் தாங்குவதற்காகவே. .44 மேக்னம் துப்பாக்கியில் .44 ஸ்பெஷலையும், .357 மேக்னம் துப்பாக்கியில் .38 ஸ்பெஷலையும் சுடலாம் என்பதால் அவற்றில் தொடங்குவதே முறை. மேக்னம் தோட்டாவை ஸ்பெஷல் துப்பாக்கியில் மாற்றிப் போடுவதற்கு வழியில்லை. கை மிரண்ட பிறகு இலக்கில் குறி தவறுவதற்குத் துப்பாக்கியைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

“சிலிண்டர் சிக்குகிறது, செய்நேர்த்தி போதாது” என்ற புகாரில் பாதிக்குக் காரணம் வேறு. குழலைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி வெற்றுத் தோட்டாக்களைத் தள்ளினால், எரியாத மருந்துத் துகள் நட்சத்திர வடிவத் தள்ளியின் அடியில் விழுந்து தங்கும்; பிறகு சிலிண்டர் மூடவும் மூடாது, சுற்றவும் சுற்றாது. குழலை மேல்நோக்கித் தூக்கிக்கொண்டு தள்ளினால் துகள் வெளியே கொட்டிவிடும். தங்கியதைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். இன்னொரு காரணமும் உண்டு. இறுக்கமாகப் பிடிப்பிக்கப்படாத தோட்டாவின் ஈயமுனை, பக்கத்து அறை வெடிக்கும் அதிர்ச்சியில் முன்னால் நகர்ந்து சிலிண்டரை முட்டுக்கொடுத்து நிறுத்திவிடும். அது தோட்டாவின் குறை. இவை இரண்டும் இல்லாமலும் சிக்கினால், மேற்கொண்டு சுடாமல் தயாரிப்பாளருக்கு எழுத வேண்டும். தட்டையான சாதாரணத் திருப்புளியால் பக்கத் தகட்டைத் திறக்கப் போனால் திருகின் தலை சிதைவதோடு உத்தரவாதமும் போய்விடும்.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர்கள் செய்யும் தவறு தனி ரகம். தேங்காயெண்ணெயும் நல்லெண்ணெயும் சில மாதங்களில் பிசினாகி அசையும் உறுப்புகளை ஒட்டிக்கொள்ள வைத்துவிடும். துப்பாக்கிக்குரிய கனிம எண்ணெயை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். நீலமேற்றிய எஃகு துருவுக்கு நல்ல தடுப்பு என்று நினைப்பதும் தவறு. தென்காசி, குற்றாலம் பக்கத்துச் சாரல் காற்றிலும், உவரிக் கடற்கரை உப்பிலும், கோடையில் வழியும் உள்ளங்கை வியர்வையிலும் அந்த மெருகு விரைவில் செம்புள்ளி காட்டும். தோலுறையிலேயே போட்டுப் பெட்டியில் பூட்டிவைப்பவர்களுக்கு இது இன்னும் சீக்கிரம் நேரும். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பதனிட்ட உப்பும் அதில் இருக்கும். தேர்தல் வரும்போது உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள் அல்லவா, அப்போதும் தோலுறையோடு கொடுக்காமல், துடைத்து எண்ணெய் பூசி, உலர்ந்த துணியில் சுற்றி, ரசீது பெற்றுக்கொண்டு ஒப்படைக்க வேண்டும். திரும்ப வாங்கும்போது குழலின் உட்புறத்தையும் சிலிண்டரின் ஆறு அறைகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிட்டே கையெழுத்திட வேண்டும்.