சைரன் ஆடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்
2003இல் பிளேஸ்டேஷன் 2-க்கு வந்த 'சைரன்', ஜப்பானிய திகில் கேம்களில் எனக்கு மிகவும் பிடித்தது. 'சைலன்ட் ஹில்' திகில் கேம் வரிசையின் முதல் கேமை இயக்கிய கெய்ச்சிரோ தோயாமாதான் இதையும் இயக்கினார். ஹனுடா என்ற மலைக் கிராமமும் அங்கே நடமாடும் ஷிபிதோக்களும்தான் (செத்தும் எழுந்து திரியும் கிராமத்து மனிதர்கள்) களம். பாதியில் விட்டவர்களிடம் கேட்டால், பெரும்பாலும் இதைச் சண்டை கேம் என்று நினைத்து இறங்கியிருப்பார்கள்.

முதல் தவறே அதுதான். ஷிபிதோவுக்குச் சாவு கிடையாது. அடித்துச் சாய்த்தாலும் கொஞ்ச நேரம் சுருண்டு கிடந்துவிட்டு எழுந்து வந்துவிடும். அடிப்பது வழியைத் தாண்ட நேரம் வாங்கத்தான். சாய்த்ததும் நகர்ந்துவிடுங்கள்.

அடுத்தது, எதிரியின் கண்ணால் பார்க்கும் சக்தியை அவசரத்துக்கு மட்டும் பயன்படுத்துவது. கேமின் உயிரே இதில்தான் இருக்கிறது. ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பதுபோல கன்ட்ரோலரின் ஸ்டிக்கை மெதுவாகச் சுழற்றினால் ஒவ்வொரு பார்வையாக அகப்படும். கிடைத்ததை ஒரு பட்டனில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் பொறுமையாகப் பாருங்கள்: அந்த ஷிபிதோ எங்கே திரும்புகிறது, எந்த இடத்தில் நிற்கிறது, எவ்வளவு நேரம் முதுகைக் காட்டுகிறது? மேப்பில் நீங்கள் நிற்கும் இடம் காட்டப்படாது. அதனால் அந்தப் பார்வையில் தெரியும் கிணறு, வேலி, விளக்கு எல்லாம் உங்களுக்கு அடையாளம். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: அப்படிப் பார்க்கும்போது உங்களால் நகர முடியாது. மறைவான இடத்துக்குப் போய்விட்டுத் தொடங்குங்கள்.

இருட்டு பயமாக இருக்கிறது என்று டார்ச்சை அணைக்காமல் நடக்கிறவர்கள் உண்டு. வெளிச்சம் உங்களைக் காட்டிக்கொடுக்கும், ஓடும் சத்தமும் அப்படியே. கண் இருட்டுக்குப் பழகும்வரை குனிந்தே போங்கள்.

கூட ஒருவர் வந்தால் அவரை மறந்துவிடாதீர்கள். அவர் செத்தால் ஆட்டம் முடிந்தது. காத்திரு, ஒளிந்துகொள் என்று அவருக்குக் கட்டளை கொடுக்கலாம். ஆபத்தான வழியை முதலில் நீங்கள் பார்த்துவிட்டு அப்புறம் அழையுங்கள்.

ஒரு ஸ்டேஜை முடித்துவிட்டால் அதோடு விட்டுவிடுவதும் தவறு. பலவற்றில் இரண்டாவது இலக்கு ஒன்று இருக்கும். அதை முடித்தால்தான் கதையின் அடுத்த கிளை திறக்கும். ஒரு ஸ்டேஜில் ஈரத் துண்டை ஃப்ரீசரில் வைத்தால்தான் இன்னொரு ஸ்டேஜில் வழி பிறக்கிறது. கேமில் உள்ள கால அட்டவணையைத் திறந்து, யார் எப்போது எங்கே இருந்தார் என்று பார்த்துவிட்டு, பழைய ஸ்டேஜுக்குத் திரும்பிப் போங்கள்.