குழந்தைக்கு விளையாட்டுப் பொருள் தேர்ந்தெடுப்பது எப்படி? முதன்முறை வாங்குவோருக்கான செய்முறை விளக்கம்

பிறந்தநாள் நெருங்கும்போது, பெட்டியின் மேலுள்ள வண்ணப் படத்தையும் விலையையும் மட்டும் பார்த்து விளையாட்டுப் பொருள் வாங்கிவிடுகிறோம். என் மகளுக்காகவும் அண்ணன் பிள்ளைகளுக்காகவும் பல கடைகளில் தேடி வாங்கியபோது, தேர்வின் பெரும்பகுதியை வீட்டிலேயே முடித்துக்கொள்வது எவ்வளவு எளிது என்று தெரிந்துகொண்டேன். அந்த முறையை இங்கே வரிசையாக எழுதுகிறேன். எவ்வளவு செலவழிப்பது, எந்தக் கடைக்குப் போவது என்பவை அவரவர் முடிவு. அவற்றுக்குள் நான் போகவில்லை.

படி 1: குழந்தை இப்போது எதை வைத்து விளையாடுகிறது என்று கவனியுங்கள்

ஓரிரு நாள் பார்த்தாலே போதும். டப்பாக்களை அடுக்கித் தள்ளிவிடும் குழந்தைக்கு அடுக்கும் கட்டைகள் பிடிக்கும். கரண்டியையும் கிண்ணத்தையும் எடுத்து உங்களுக்குக் காப்பி ஆற்றித் தரும் குழந்தைக்குச் சொப்புச் சாமான் பிடிக்கும். எதைக் கண்டாலும் திருகிக் கழற்றப் பார்க்கும் குழந்தைக்குப் பூட்டிப் பிரிக்கும் பொருள்களை வாங்கலாம். வயதை மட்டும் வைத்துத் தேடுவதைவிட, இப்படிக் கண்டறிந்து தேடுவது பெரும்பாலும் நல்ல பலன் தருகிறது.

படி 2: பெட்டியில் உள்ள வயதுக் குறிப்பைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள்

சிவப்பு வட்டத்துக்குள் ஒரு குழந்தையின் முகமும் 0-3 என்ற எண்களும் இருந்து, அவற்றின் குறுக்கே கோடு போடப்பட்டிருந்தால், அந்தப் பொருள் 3 வயது நிறையாத குழந்தைகளுக்கு ஆகாது. "எங்கள் குழந்தை கெட்டிக்காரி, அதெல்லாம் விளையாடுவாள்" என்று பலர் வாங்கிவிடுகிறார்கள். இந்தக் குறியீட்டுக்கும் அறிவுக்கும் தொடர்பில்லை. அந்த வயதில் எதையும் வாயில் போடுவார்கள், சிறிய துண்டுகள் மூச்சுக்குழாயை அடைத்துவிடும் என்பதற்கான எச்சரிக்கை அது.

வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருள்களைச் சோதிக்க ஓர் எளிய வழி உண்டு. சரியாக 10 செ.மீ. நீளமும் 5.7 செ.மீ. அகலமும் உள்ள ஒரு தடித்த தாளை வெட்டி, 10 செ.மீ. பக்கம் குழாயின் சுற்றளவாக அமையும்படி சுருட்டி, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சேர்த்து ஒட்டுங்கள். உள்விட்டம் ஏறத்தாழ 32 மி.மீ. உள்ள ஒரு குழாய் கிடைக்கும். சோதனைக்கூடங்களில் பயன்படும் உருளையின் விட்டமும் 31.7 மி.மீ. தான். எந்தப் பொருளாவது, அல்லது அதிலிருந்து கழன்று வரக்கூடிய எந்தத் துண்டாவது, இந்தக் குழாய்க்குள் முழுவதும் அடங்கிவிட்டால், 3 வயதுக்குட்பட்ட குழந்தையின் கைக்கு எட்டாதபடி எடுத்து வைத்துவிடுங்கள். பந்துகளுக்கு இந்த அளவு போதாது. 40 மி.மீ. விட்டமுள்ள மேசைப் பந்தைக்கூட அந்த வயதுக் குழந்தையிடம் கொடுக்கக் கூடாது.

படி 3: ஐ.எஸ்.ஐ. முத்திரையைச் சரிபாருங்கள்

எனக்கு நெடுநேரம் பிடிபடாமல் இருந்த படி இது. ஆகையால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

14 வயதுக்குட்பட்டோருக்கான விளையாட்டுப் பொருள்களை இந்தியாவில், பி.ஐ.எஸ். எனப்படும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்ற ஆணை 2020இல் பிறப்பிக்கப்பட்டு, 2021 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. மின்சாரமோ பேட்டரியோ இல்லாத பொருளாக இருந்தால் முத்திரைக்கு மேலே ஐ.எஸ். 9873 என்ற எண்ணும், மின்னால் இயங்குவதாக இருந்தால் ஐ.எஸ். 15644 என்ற எண்ணும் இருக்கும். முத்திரைக்குக் கீழே சி.எம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்துவிடலாம். ஆகவே உரிம எண்ணைத்தான் பார்க்க வேண்டும். கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் என்ற அரசுச் செயலியை நிறுவி, உரிம விவரங்களைச் சரிபார்க்கும் பகுதியில் அந்த எண்ணை இட்டால், தயாரிப்பாளரின் பெயரும், எந்தப் பொருளுக்கு உரிமம் தரப்பட்டது என்பதும், அது இன்னும் செல்லுபடியாகிறதா என்பதும் தெரியும். பெட்டியில் உள்ள பெயரும் செயலி காட்டும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

குழப்பம் வருவது மின்னேற்றி (சார்ஜர்) தரப்படும் பொருள்களில்தான். மின்னேற்றியின் மேல் ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் வேறோர் எண் இருக்கும். அது மின்னணுச் சாதனங்களுக்கான பதிவு எண். அதைச் செயலியில் தேடினால் சரியான விவரம் வரும், நமக்கும் நிம்மதியாக இருக்கும்; ஆனால் அது மின்னேற்றியைப் பற்றிய விவரம் மட்டுமே, பொம்மையைப் பற்றியதன்று. பொம்மைக்கென்று தனியாகச் சி.எம்/எல் எண் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

படி 4: பேட்டரி, காந்தம், பலூன்

நாணயம்போல் இருக்கும் பட்டன் பேட்டரி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள்ளேயே உட்சுவரைக் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கிறதா என்று கடையிலேயே திருப்பிப் பாருங்கள். நகத்தால் நெம்பித் திறக்க முடிந்தால் அந்தப் பொருள் வேண்டாம். குழந்தை பேட்டரியை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் எழுந்தால்கூடக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். சிறிய காந்தங்களும் இதே அளவு ஆபத்தானவை. இரண்டு காந்தங்களை விழுங்கினால் அவை குடலின் இரு மடிப்புகளில் இருந்தபடி ஒன்றையொன்று இழுத்து, இடையிலுள்ள சுவரைத் துளைத்துவிடக்கூடும். உடைந்த பலூன் துண்டுகளை உடனே பொறுக்கி எறிந்துவிட வேண்டும்.

படி 5: எதை வாங்கலாம்?

இங்கே என் விருப்பு வெறுப்புகளைச் சொல்லியே ஆக வேண்டும். பொத்தானை அழுத்தினால் பாடி, ஆடி, விளக்கெரியும் பொருள்களை நான் வாங்குவதில்லை. விளையாட்டு முழுவதையும் அந்தப் பொருளே விளையாடிவிடுகிறது, குழந்தைக்குப் பார்க்கும் வேலை மட்டுமே மிஞ்சுகிறது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2018இல் வெளியிட்ட அறிக்கையும், பெற்றோரும் குழந்தையும் சேர்ந்து விளையாட இடம் தரும் எளிய பொருள்களையே பரிந்துரைக்கிறது.

நடக்கத் தொடங்கும் குழந்தைக்கு மரத்தாலான நடைவண்டியைத் தேர்ந்தெடுப்பேன். குழந்தை தன் காலில் நின்று, பிடியைப் பற்றி, தானே தள்ளிக்கொண்டு போகிறது. நடுவே உட்காரவைத்துச் சக்கரத்தில் உருளவிடும் வாக்கர் வேறு. குழந்தைகள் அதோடு படிக்கட்டில் உருண்டு விழுந்து காயப்பட்டதால் கனடா 2004இல் அதைத் தடைசெய்தது. நடைவண்டியானாலும் பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும்.

கட்டைகளில், சிறு குழந்தைக்கு லெகோ நிறுவனத்தின் டூப்ளோ வகையைச் சொல்வேன். சாதாரண லெகோவைவிட நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரு மடங்காக இருப்பதால் விழுங்க முடியாது. பிற்பாடு வாங்கும் சிறிய கட்டைகளும் அதோடு பொருந்தும். விலை அதிகந்தான், ஆனால் தம்பி தங்கைகளுக்கும் உழைக்கும்.

நடிப்பு விளையாட்டுக்கு அம்பாசமுத்திரம் மரச்சொப்பும் கர்நாடகத்தில் உள்ள சென்னப்பட்டணத்துப் பொம்மைகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. சென்னப்பட்டணத்தில், கடைசல் எந்திரத்தில் சுழலும் வெட்பாலை மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்திப் பிடிப்பார்கள். உராயும் சூட்டில் அரக்கு உருகி மரத்தில் படியும். பிறகு தாழை ஓலையை வைத்துத் தேய்த்து மெருகேற்றுவார்கள். வாங்கும்போது விளிம்புகளில் விரலை ஓட்டி, சிலாம்பு இருக்கிறதா, ஆணி துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளி செல்லும் வயதில் விதிகளுள்ள ஆட்டங்கள் சுவைக்கத் தொடங்கும். பல்லாங்குழியில் 14 குழிகள். எந்தக் குழியிலிருந்து அள்ளினால் கடைசிக் காய் எங்கே போய் விழும் என்று குழந்தை விரலை அந்தரத்தில் நகர்த்தி, உதடு அசைய எண்ணிப் பார்ப்பதை நீங்களே பார்ப்பீர்கள். கணக்குப் பாடத்தில் வராத பொறுமை அப்போது வந்துவிடும். ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலிகள், 15 ஆடுகள். முதலில் குழந்தைக்குப் புலியைக் கொடுங்கள், வெட்டும் இன்பத்தில் ஆட்டம் பிடித்துப்போகும். சேர்ந்து நின்று புலியை மடக்கும் ஆட்டுப் பக்கத்தைப் பிறகு கற்றுக்கொடுக்கலாம்.

பின்சேர்க்கை

கைவினைப் பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை காணப்படவில்லையே என்று சிலர் கேட்டிருந்தார்கள். மத்திய அரசின் கைவினைப் பொருள்கள் வளர்ச்சி ஆணையரிடம் பதிவுபெற்ற கைவினைஞர்கள் செய்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளை அதற்குரிய உரிமை உடையவர்கள் விற்கும்போதும் அந்த ஆணையில் விலக்கு உண்டு. விலக்கு பெற்ற பொருளானாலும் குழாய்ச் சோதனையை நீங்கள்தான் செய்துகொள்ள வேண்டும்.

பல்லாங்குழிக்குக் குன்றிமணியைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டவே வேண்டாம். சிவப்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதைக்குள் கொடிய நஞ்சு இருக்கிறது. கடித்தோ உடைத்தோ விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முழுச் சிவப்பாக இருக்கும் மஞ்சாடியோடு அது கலந்து வந்துவிடுவதும் உண்டு. புளியங்கொட்டையோ சோழியோ போதும். தவழும் குழந்தையும் வீட்டில் இருந்தால், ஆட்டம் முடிந்ததும் காய்களை எண்ணி டப்பாவில் போட்டு, மூடி, உயரத்தில் வைத்துவிடுங்கள்.