ஆர்லாண்டோவுக்குக் குடும்பத்தோடு முதல் தடவை போகிறீர்களா? இந்த வரிசையில் திட்டமிடுங்கள்

டிஸ்னி, யுனிவர்சல் தீம் பார்க்குகள் இருக்கும் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநில ஊர் ஆர்லாண்டோ. அங்கே பயணம் என்றதும் பலரும் விமான டிக்கெட்டைத்தான் முதலில் தேடுகிறார்கள். அதற்கு முன்னால் ஒரு இன்ச் டேப்பை எடுத்துப் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து எழுதிவையுங்கள். எந்த பார்க், எத்தனை நாள் என்பதையெல்லாம் பெரும்பாலும் அந்த அளவுதான் தீர்மானிக்கும்.

படி 1: உயரம்

பல ரைடுகளுக்குக் குறைந்தபட்ச உயரம் உண்டு. டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பார்க்கில் செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குலம், ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44, யுனிவர்சலில் ஹல்க் கோஸ்டருக்கு 54 அங்குலம் வேண்டும். ரைடு வாசலிலேயே அளவுகோல் வைத்து நிறுத்திப் பார்ப்பார்கள், அரை அங்குலம் குறைந்தாலும் விடமாட்டார்கள். ஒரு மணி நேரம் வரிசையில் நின்றபிறகு பிள்ளையிடம் "நீ ஏற முடியாது" என்று சொல்வது கொடுமை, அதனால் வீட்டிலேயே சொல்லி மனதைத் தயார்செய்துவிடுங்கள்.

சின்னப் பிள்ளைக்காகப் பெற்றோர் இருவரும் ரைடை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்று வாசலில் நிற்கும் ஊழியரிடம் கேளுங்கள். ஒருவர் போய்விட்டு வரும்வரை மற்றவர் குழந்தையோடு இருக்கலாம், பிறகு இவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். யுனிவர்சலில் இதற்குப் பெயர் சைல்டு ஸ்வாப்.

படி 2: எந்த பார்க், எத்தனை நாள்

1971-இல் திறந்த வால்ட் டிஸ்னி வேர்ல்டுக்குள் நான்கு பெரிய பார்க்குகள்: மேஜிக் கிங்டம், எப்காட், ஹாலிவுட் ஸ்டுடியோஸ், அனிமல் கிங்டம். யுனிவர்சல் தனி நிறுவனம், தனி டிக்கெட். யுனிவர்சல் ஸ்டுடியோஸ், ஐலண்ட்ஸ் ஆஃப் அட்வென்ச்சர், 2025 மே மாதம் திறந்த எபிக் யுனிவர்ஸ், இவை போக வால்கேனோ பே என்ற தண்ணீர் பார்க்கும் அவர்களுடையதுதான். எபிக் மற்றவற்றை ஒட்டி இல்லை, சில கிலோமீட்டர் தள்ளித் தனி இடத்தில் இருக்கிறது.

ஏழு வயதுக்குக் கீழே பிள்ளைகள் இருந்தால் டிஸ்னி, பதின்ம வயதென்றால் யுனிவர்சல், இது என் கருத்து. ஒரே வாரத்தில் எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாதீர்கள். இரண்டு பார்க் நாளுக்குப் பிறகு ஒரு நாள் சும்மா விடுங்கள், நீச்சல்குளத்தில் கிடக்கட்டும். தாத்தா பாட்டி கூட வந்தால் இந்த ஓய்வு நாள் கட்டாயம்.

படி 3: எப்போது

டிக்கெட் விலை தேதிக்குத் தேதி மாறும். கிறிஸ்துமஸ் வாரம், நவம்பர் கடைசியில் வரும் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை, மார்ச்–ஏப்ரல் பள்ளி விடுமுறை, இந்த மூன்றிலும் கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் ஃபுளோரிடா பள்ளிகள் திறந்துவிடுவதால் கூட்டம் குறையும், ஆனால் வெயில் கொளுத்தும், ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவமும் கூட.

படி 4: டிக்கெட்

டிஸ்னியில் 3 வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம், 10 வயது ஆனால் பெரியவர் கட்டணம். பிறந்தநாள் பக்கத்தில் இருந்தால் தேதியை அதற்கேற்பப் பாருங்கள். ஒரே நாளில் பல பார்க் போகும் டிக்கெட் முதல் தடவை தேவையில்லை. யுனிவர்சலில் மட்டும் ஒரு விதிவிலக்கு: ஹாரி பாட்டர் கதையில் வரும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயில் ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்குப் போவதால், அதில் ஏற இரண்டு பார்க்குக்கும் செல்லும் டிக்கெட் வேண்டும்.

பாதி பயன்படுத்திய டிக்கெட்டை மலிவாகத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். அடுத்தவர் பெயருக்கு அது மாறாது.

படி 5: தங்குமிடம், கார்

டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் தினமும் அரை மணி முன்னதாக உள்ளே போகலாம். பெரிய குடும்பமென்றால் பக்கத்து ஊரான கிஸிமியில் சமையலறையோடு வீடு எடுப்பது நல்லது. டிஸ்னிக்குள் வீட்டுச் சாப்பாடு கொண்டுபோகலாம், புளியோதரை கட்டிக்கொண்டு போனாலும் யாரும் தடுக்கமாட்டார்கள். கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. யுனிவர்சலில் தண்ணீர், சின்ன நொறுக்குத்தீனி, குழந்தை உணவு அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வாடகைக் காரென்றால் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு அவரவர் வயதுக்கேற்ற கார் சீட் சட்டப்படி வேண்டும்.

படி 6: பார்க் நாள்

எல்லாம் காலையில்தான் இருக்கிறது. மேஜிக் கிங்டமில் காரை நிறுத்தும் இடம் பார்க் வாசலில் இல்லை. நிறுத்திவிட்டு, பாதுகாப்புச் சோதனை முடித்து, மோனோரயிலிலோ படகிலோ ஏரியைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேண்டும். ஆக ஒன்பது மணிக்குத் திறக்கிறதென்றால் எட்டு மணிக்கே பார்க்கிங்கில் இருங்கள். முதல் இரண்டு மணி நேரத்தில் வரிசை குட்டையாக இருக்கும்போதே பெரிய ரைடுகளை முடித்துவிடுங்கள். எது எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று டிஸ்னி ஆப்பில் நிமிடக் கணக்கில் தெரியும்.

மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். காசு கொடுத்து வந்துவிட்டுத் தூங்குவதா என்று தோன்றும், ஆனால் மூன்று மணி வெயிலில் அழும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். போகமுடியாவிட்டால் ஏசி உள்ள ஷோவில் உட்காருங்கள். டிஸ்னியில் குளிர்பானம் விற்கும் சாப்பாட்டுக் கவுண்டரில் கேட்டால் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள்.

கோடையில் பிற்பகல் இடிமழை சகஜம். மின்னல் வந்தால் வெளியில் ஓடும் ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். ரெயின்கோட் கையில் இருந்தால் ஒதுங்கி நில்லுங்கள், மழைக்குப் பயந்து நிறையப் பேர் கிளம்பிவிடுவார்கள், விட்டதும் வரிசை குறைந்திருக்கும்.

இரவு வாணவேடிக்கை முடிந்ததும் மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் வாசலுக்கு ஓடும். அவர்களோடு ஓடாமல் அரை மணி நேரம் மேஜிக் கிங்டம் வாசலை ஒட்டிய மெயின் ஸ்ட்ரீட் பக்கம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

அப்புறம் ஸ்ட்ரோலர், அதாவது குழந்தையை வைத்துத் தள்ளும் வண்டி. ரைடுக்கு வெளியே விட்டுப்போனால் ஊழியர்கள் இடம் ஒதுக்க அதை நகர்த்தி வைப்பார்கள், திரும்பி வந்து பார்த்தால் ஒரே மாதிரி ஐம்பது வண்டி நிற்கும். பளிச்சென்ற துணி ஒன்றைக் கைப்பிடியில் கட்டுங்கள், பணப்பையையும் பாஸ்போர்ட்டையும் அதில் வைத்துவிட்டுப் போகாதீர்கள்.