வீட்டு வேத ஆராய்ச்சியில் கருக்கலைப்பைப் பற்றிப் பேசுவது எப்படி?

இந்தத் தலைப்பைக் கையில் எடுக்கிறவர்கள் பெரும்பாலும் முதல் வேலையாகச் சங்கீதம் 139-ஐத் திறப்பார்கள். அதற்கு முன்னால் யார் யார் வந்து உட்காரப் போகிறார்கள் என்று பாருங்கள். சிங்கப்பூர் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீட்டில் ஞாயிறு மதியம் கூடும் பெண்கள் குழுவில் எழுபதைத் தாண்டிய அக்காமார் இருக்கிறார்கள், ஒரு தாதி இருக்கிறார், பாலிடெக்னிக் படிக்கிற பெண் இருக்கிறாள், விடுப்பு நாளில் மட்டும் வரமுடிகிற இல்லப் பணிப்பெண்கள் இருக்கிறார்கள். இவர்களில் ஒருத்தராவது கருவைக் கலைத்தவராக இருக்கலாம், மகளையோ மருமகளையோ கலைக்கச் சொன்னவராக இருக்கலாம், தானாகக் கலைந்ததை இன்றுவரை வெளியே சொல்லாதவராக இருக்கலாம். அப்படி ஒருத்தர் உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்றே வைத்துக்கொண்டு தயார் செய்யுங்கள். இல்லாவிட்டால் பேச்சு தானாகவே ‘அவர்கள், அந்த மாதிரிப் பெண்கள்’ என்று போய்விடும்.

மூத்த அக்காமாரைப் பற்றி இளையவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. சிங்கப்பூரில் கருக்கலைப்புச் சட்டம் 1970-இல் நடைமுறைக்கு வந்தது. 1974-இல் இன்னும் தளர்த்தப்பட்டது. 1972-இல் ‘இரண்டே போதும்’ இயக்கம் தொடங்கியது. மூன்றாவது பிள்ளை என்றால் பிரசவக் கட்டணம் கூடுதல், பிள்ளைகள் கூடினால் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் பின்வரிசை. 1987-இல்தான் ‘வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்’ என்று கொள்கை திரும்பியது. நடுவிலிருந்த அந்த ஆண்டுகளில் பிள்ளை பெற்றவர்களுக்கு இது பாவமா இல்லையா என்ற பேச்சே பல சபைகளில் நடக்கவில்லை. இன்று திடீரென்று அவர்கள் முன்னால் உட்கார்ந்து ‘கொலை’ என்று தொடங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

சரி, இனி வேதாகமம். முதலிலேயே ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுங்கள்: ‘கருவைக் கலைக்காதே’ என்று நேரடியாக ஒரு கட்டளை வேதாகமத்தில் இல்லை. இதைச் சொல்லப் பயப்பட வேண்டாம். நீங்கள் சொல்லாவிட்டால் அந்தப் பாலிடெக்னிக் பிள்ளை கைப்பேசியில் தேடிப் பார்த்துச் சொல்லும். நேரடிக் கட்டளை இல்லாமலேயே முதல் நூற்றாண்டுகளின் சபை இதை மறுத்தது. டிடாக்கே என்ற மிகப் பழைய போதனை நூல் வெளிப்படையாகவே தடுக்கிறது. அந்த முடிவுக்கு அவர்கள் எந்த வசனங்களிலிருந்து வந்தார்கள் என்று பார்க்கத்தான் கூடியிருக்கிறோம் என்று ஆரம்பியுங்கள்.

வாசிக்கும் வரிசை முக்கியம். ஆதியாகமம் 1:27, 9:6 இரண்டையும் முதலில் வையுங்கள். மனிதன் தேவசாயல், அதனால் அவன் இரத்தம் விலையுள்ளது. உயிரின் பரிசுத்தம் என்று நாம் சொல்வதற்கெல்லாம் அடித்தளம் இதுதான். அதற்கு அப்புறம் சங்கீதம் 139:13-16. ‘என் கருவை உம்முடைய கண்கள் கண்டது’ என்ற வரியைச் சத்தமாக இருமுறை வாசிக்கச் சொல்வேன். விளக்கம் கொடுக்க அவசரப்பட வேண்டாம், கவிதை தன் வேலையைச் செய்துகொள்ளும். எரேமியா 1:5-ஐ மட்டும் கொஞ்சம் பொறுப்போடு கையாளுங்கள். ‘தாயின் வயிற்றில் உருவாக்கு முன்னே உன்னை அறிந்தேன்’ என்பது ஒரு தீர்க்கதரிசியின் அழைப்பைப் பற்றிப் பேசுகிறது. கருவில் உள்ளதைத் தேவன் அறிகிறார் என்பதற்குச் சாட்சியாக எடுக்கலாம், சட்டப் பிரிவு மாதிரி நீட்டக்கூடாது.

என் கணக்கில் எல்லாவற்றையும்விட வலுவான இடம் லூக்கா முதல் அதிகாரம். மரியாளின் உறவினர் எலிசபெத்துக்கு ஆறாம் மாதம். வயிற்றில் பிள்ளை துள்ளியது என்பதை எல்லாரும் சொல்வார்கள். அதைத் தாண்டி மரியாளைப் பாருங்கள். இயேசுவைக் கருத்தரிப்பாய் என்று தேவதூதன் சொன்னதும் ‘தீவிரமாய்’ மலைநாட்டுக்குப் புறப்பட்டுப் போகிறாள். அதாவது கரு உண்டாகி அதிக நாள் ஆகவில்லை. வயிறு தெரிந்திருக்காது. அந்த நிலையிலேயே எலிசபெத் அவளை ‘என் ஆண்டவருடைய தாயார்’ என்கிறாள். இனிமேல் தாயாகப் போகிறவள் என்று சொல்லவில்லை. இந்த இடத்தில் குழுவைக் கொஞ்ச நேரம் பேசவிடுங்கள். பாட்டிமார்தான் நன்றாகப் பேசுவார்கள்.

கடினமான பகுதிகளைத் தாண்டிக் குதிக்காதீர்கள். யாத்திராகமம் 21:22-25-இல் ஆண்கள் சண்டை போடும்போது கர்ப்பிணிக்கு அடிபடுகிறது. கரு விழுந்துபோனால் அபராதம், ‘வேறே சேதம்’ உண்டானால் ஜீவனுக்கு ஜீவன். அப்படியானால் கருவின் உயிருக்குத் தாயின் உயிரளவு மதிப்பில்லையே என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். அங்கே சொல்லியிருப்பது குறைமாதப் பிரசவம், சேதம் என்பதில் பிள்ளையும் அடக்கம் என்று இன்னொரு சாரார். இரண்டையும் சொல்லிவிட்டு, எப்படிப் படித்தாலும் அடித்தவன் சும்மா போகவில்லை என்பதைக் காட்டுங்கள். எண்ணாகமம் 5-இல் மனைவியைக் குடிக்கவைக்கும் கசப்பான தண்ணீர் கருவைக் கலைக்கத்தானே என்று யாராவது கேட்டால், அது சந்தேகப்பட்ட கணவனுக்கான சடங்கு, அதில் கர்ப்பம் இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொல்லப்படவில்லை என்ற அளவில் நிறுத்தலாம். அந்த அதிகாரத்துக்குள் இறங்கினால் தேநீர் ஆறிவிடும்.

இனி நான் நேரம் எடுத்துக்கொள்கிற இடம். யோபு 31:13-15. கர்ப்பத்தைப் பற்றிய வசனப் பட்டியல்களில் 15-ஆம் வசனம் மட்டும் தனியாக வரும்: ‘தாயின் கர்ப்பத்தில் என்னை உண்டுபண்ணினவர் அவனையும் உண்டுபண்ணினார் அல்லவோ?’ யார் அந்த ‘அவன்’? இரண்டு வசனம் மேலே போங்கள். யோபின் வேலைக்காரன், வேலைக்காரி. அவர்கள் தன்மேல் வழக்குக் கொண்டுவந்தால் அதை அலட்சியம் செய்தேனா என்று எஜமான் தன்னையே கேட்டுக்கொள்கிறான். தேவன் கர்ப்பத்தில் உருவாக்குகிறார் என்ற போதனையை வேதாகமம் இங்கே வைத்திருப்பது வீட்டு வேலைக்காரியின் நியாயத்துக்காக.

சிங்கப்பூரில் உட்கார்ந்து இதை வாசிக்கிறபோது சும்மா இருக்க முடியாது. நான் ஒரு அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் இருக்கும் கிளினிக்கில் பதிவு மேசையில் வேலை பார்க்கிறேன். இல்லப் பணிப்பெண்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு வருவார்கள். அதில் கர்ப்பப் பரிசோதனையும் உண்டு. மூடி போட்ட சின்னப் பிளாஸ்டிக் குப்பியைக் கொடுத்தால், கழிப்பறையிலிருந்து திரும்பும்போது அதை டிஷ்யூவில் சுற்றிக் கைக்குள் மறைத்துக்கொண்டு வருவார்கள். முதலாளியம்மா நாற்காலியில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே ‘இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?’ என்று என்னிடம் கேட்பார், அந்தப் பெண்ணிடம் கேட்கமாட்டார். வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைப்படி அவள் இங்கே கர்ப்பமாகக்கூடாது. கர்ப்பமானால் சீட்டு ரத்து, ஊருக்கு விமானம். வந்த புதிதில் என்றால் ஏஜண்டு கடனே கழிந்திருக்காது. அந்தப் பெண் இரவில் படுத்துக்கொண்டு யோசிப்பது சங்கீதம் 139-க்கு என்ன பொருள் என்பதையா?

ஆகையால் அடுத்து ஆதியாகமம் 16-ஐத் திறக்கச் சொல்லுங்கள். ஆகார்: வேறு தேசத்துக்காரி, வீட்டு வேலைக்காரி, எஜமான்களான ஆபிராம், சாராய் இருவரின் முடிவால் கர்ப்பமானவள், எஜமானியின் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடினவள். தேவதூதனிடமிருந்து அவளுக்கு முதலில் வருவது இரண்டு கேள்வி: ‘எங்கேயிருந்து வருகிறாய்? எங்கே போகிறாய்?’ வசனமோ கண்டனமோ இல்லை. சாராயும் ஆபிராமும் பேச்சில் அவளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதே இல்லை, ‘அடிமைப்பெண்’ என்றுதான் சொல்கிறார்கள். தூதனானவர்தான் ‘ஆகாரே’ என்று கூப்பிடுகிறார். திரும்பிப் போய் எஜமானிக்கு அடங்கியிரு என்று அடுத்து வருகிறதே என்று கேட்பார்கள். கேட்கத்தான் வேண்டும். எனக்கும் அது நெருடுகிற வசனம்தான். அதை வைத்துக்கொண்டு அடிக்கிற வீட்டுக்கு யாரையும் திருப்பி அனுப்பாதீர்கள் என்று மட்டும் தெளிவாகச் சொல்லிவிடுவேன்.

யாராவது உங்களிடம் தனியாக வந்து ‘அக்கா, தள்ளிப்போயிருக்கிறது’ என்று சொன்னால், அந்த இரண்டு கேள்விகளையே உங்கள் மொழியில் கேளுங்கள். யாருக்குத் தெரியும்? வீட்டில் யார் இருக்கிறார்கள்? இன்றிரவு எங்கே தூங்குவாய்? பிள்ளைக்குத் தகப்பனைப் பற்றி அவளே சொல்லும்வரை தோண்டாதீர்கள். அவள் கட்டாயப்படுத்தப்பட்டிருக்கலாம். தெரியாத இடத்தில் மாத்திரை வாங்கி விழுங்கியிருந்தால், இரத்தப்போக்கு இருந்தால், பேச்சை விட்டுவிட்டு மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். கருக்குழாயில் தங்கிய கர்ப்பம் தாயின் உயிரையே எடுத்துவிடும், அதற்கான சிகிச்சையைப் பாவம் என்று யாரும் பயமுறுத்த இடம் கொடுக்காதீர்கள்.

சட்டத்தைச் சரியாகத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள், பயமுறுத்துவதற்காகப் பொய் சொல்லாதீர்கள். இங்கே 24 வாரம்வரை அனுமதி உண்டு. அதற்கு மேல் தாயின் உயிரையோ, உடல், மனநலத்தையோ கடுமையான, நிரந்தரப் பாதிப்பிலிருந்து காக்க மட்டும். முன்னதாக ஆலோசனை கட்டாயம், அதற்குப் பிறகு 48 மணி நேரம் காத்திருக்க வேண்டும். 2015 முதல் வெளிநாட்டுப் பெண்களுக்கும் அந்த ஆலோசனை பொருந்தும். அந்த 48 மணி நேரத்தில் அவள் கூப்பிட்டால் தொலைபேசியை எடுக்கிற ஒருத்தராக இருப்பது பெரிய ஊழியம். எங்கள் குழுவில் உள்ள தாதி கேட்ட கேள்விக்கும் பதில் உண்டு: மனசாட்சிக்கு ஒவ்வாது என்றால் மருத்துவப் பணியாளர் பங்கெடுக்க மறுக்கலாம், தாயின் உயிரைக் காக்கவோ, உடல், மனநலத்துக்குக் கடுமையான, நிரந்தரப் பாதிப்பைத் தடுக்கவோ வேண்டிய நேரம் தவிர.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். கேட்டதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ‘நம் குழுவில் ஒரு சகோதரிக்கு ஒரு சூழ்நிலை, ஜெபியுங்கள்’ என்று பெயரில்லாமல் போட்டாலும் அரை மணி நேரத்தில் எல்லாருக்கும் யாரென்று தெரிந்துவிடும். ஜெபக்குறிப்பு என்ற பெயரில் நம் சபைகளில் ஓடுகிற செய்திக்கு வேகம் அதிகம்.

ஏற்கெனவே கலைத்தவர்களுக்காக, பாவத்தை அறிக்கையிட்டால் மன்னிப்பு உண்டு என்கிற 1 யோவான் 1:9-ஐயும் சங்கீதம் 34:18-ஐயும் கூட்டத்தின் நடுவிலேயே வாசியுங்கள், கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தள்ளாதீர்கள். ‘நொறுங்குண்ட இருதயமுள்ளவர்களுக்குக் கர்த்தர் சமீபமாயிருந்து’ என்று வாசித்துவிட்டு யாருடைய முகத்தையும் பார்க்காமல் அடுத்த பகுதிக்குப் போங்கள். அழுகிறவரை மேடையேற்றிச் சாட்சி சொல்லவைக்க வேண்டாம். தானாகக் கலைந்தது தண்டனை அல்ல என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் அவர்கள் அப்படித்தான் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம், பாஸ்டரிடம் சொல்லி ஆண்கள் குழுவிலும் இதே பாடத்தை வைக்கச் சொல்லுங்கள். கர்ப்பம் பெண்கள் ஐக்கியத்தின் தனிச் சொத்து இல்லை.

உதவி எங்கே கிடைக்கும் என்று ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். பதின்ம வயதுப் பெண்களுக்குப் பேப்ஸ் அமைப்பு, பேட்டையிலுள்ள குடும்பச் சேவை நிலையம், வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்கு ஹோம் அமைப்பு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருந்தால் எஸ்ஓஎஸ் அமைப்பின் உதவித் தொலைபேசி, எண் 1767. மணமாகாத தாய்க்கு அரசின் குழந்தை போனஸ் ரொக்கம் கிடைக்காது. ஆனால் 2016 செப்டம்பர் முதல் பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளை மேம்பாட்டுக் கணக்கின் சலுகைகள் உண்டு. இந்த மாதிரிச் சின்ன விவரத்துக்குத்தான் அவள் ஆளைத் தேடுவாள்.

கலைந்து போவதற்கு முன், உடையும் உணவும் இல்லாதவருக்கு ஒன்றும் கொடுக்காமல் ‘சமாதானத்தோடே போங்கள்’ என்று மட்டும் சொல்வதால் என்ன பயன் என்று கேட்கிற யாக்கோபு 2:15-16-ஐ வாசித்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளைச் சுற்றவிடுங்கள். நம்மில் ஒருத்தி இந்தப் பிள்ளையைப் பெறுகிறேன் என்று முடிவெடுத்தால் நீங்கள் எதைச் செய்வீர்கள்? பரிசோதனைக்குத் துணையாகக் கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனைக்குப் போவது, பத்தியச் சமையல், இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது, சில மாதத்துக்கு ஓர் அறை, ஊருக்குத் திரும்புகிறவள் என்றால் அங்கே அவளைப் பார்த்துக்கொள்ளத் தெரிந்த சபை. பெயரோடு, எந்தக் கிழமை முடியும் என்றும் எழுதட்டும். ‘ஜெபிப்பேன்’ என்று மட்டும் எழுதியவர்களிடம் தாளைத் திரும்பக் கொடுத்து, இன்னொன்றும் எழுதச் சொல்லுங்கள்.