வட சென்னை வீட்டுக்கு ஃப்ரண்ட் லோடு வாஷிங் மெஷின்: முதலில் தண்ணீரைப் பாருங்கள்

ஃப்ரண்ட் லோடு மெஷின் வாங்கக் கடைக்குப் போனால் "எத்தனை கிலோ வேணும்?" என்றுதான் பேச்சு தொடங்கும். வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு, திருவொற்றியூர் பக்கம் இருப்பவர்களுக்கு அதற்கும் முன்னால் வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் குழாயில் வருவது என்ன தண்ணீர், எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று பார்த்துவிட வேண்டும். இந்தப் பகுதியில் மெஷின் சீக்கிரம் படுத்துவிட்டால், கம்பெனியையும் மாடலையும் குறை சொல்வதற்கு முன் தண்ணீரைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கடினத் தண்ணீர் வேறு, உப்புத் தண்ணீர் வேறு

பல வீடுகளில் மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணீர், போர் தண்ணீர் மூன்றும் ஒரே சம்பில் விழுந்து கலந்து மாடி டேங்குக்கு ஏறுகின்றன. இதில் மெட்ரோ வாட்டர் பெரும்பாலும் துணிக்குத் தோதானது. மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறன் கொண்டது. அப்படிச் சுத்திகரித்த நீரில் சுண்ணாம்புச் சத்து குறைவு. சோப்பு நன்றாக நுரைக்கும். போர் தண்ணீர் அப்படியில்லை. மீஞ்சூரிலிருந்து எண்ணூர் வரையிலான கரையோரத்தில் நிலத்தடி நீருக்குள் கடல்நீர் புகுந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன.

போர் தண்ணீரில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கலாம். முதலாவது கடினம், அதாவது கால்சியமும் மக்னீசியமும். இது ஹீட்டர் மேல் வெள்ளை ஓடாகப் படியும், சோப்பைத் தின்னும், துணியை அட்டை போல விறைப்பாக்கும். இரண்டாவது சாதாரண உப்பு. இது ஓடாகப் படியாது, ஆனால் உலோகத்தை அரிக்கும். டிரம்முக்குப் பின்னால் மூன்று கை போல இருக்கும் 'ஸ்பைடர்' என்ற பாகம் பெரும்பாலும் அலுமினியக் கலவையில் செய்யப்பட்டது. உப்பும் சோப்பும் சேர்ந்து அதை வருஷக்கணக்கில் அரித்து, ஒரு நாள் ஸ்பின்னில் உடைத்துவிடும். அந்தப் பாகம் போனால் டிரம்மையே மாற்ற வேண்டி வரும், செலவு பெரிது.

கையடக்க டிடிஎஸ் மீட்டர் கரைந்திருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகத்தான் காட்டும். எது கடினம், எது உப்பு என்று பிரிக்காது. அதற்கு வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. அரை லிட்டர் பாட்டிலில் பாதியளவு குழாய்த் தண்ணீர், பட்டாணி அளவு குளியல் சோப்புச் சீவல். மூடி 20 தடவை குலுக்குங்கள். இன்னொரு பாட்டிலில் கேன் தண்ணீரை ஊற்றி அதே மாதிரி செய்து பக்கத்தில் வையுங்கள். குழாய்த் தண்ணீரில் நுரை நிற்காமல் மேலே திரிதிரியாக மிதந்தால் கடினம் அதிகம். இந்தச் சோதனைக்குத் துணி பவுடர் உதவாது, அது கடினத் தண்ணீரிலும் ஓரளவு நுரைத்து ஏமாற்றிவிடும். உப்பு வாயில் வைத்தாலே தெரியும். சரியான எண் வேண்டுமென்றால் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தரத்தில் மொத்தக் கடினம் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதி. மெஷினுக்கு 200க்குள் இருந்தால் கவலையில்லை. 400ஐத் தாண்டினால் அடிக்கடி ஓடு எடுக்க வேண்டியிருக்கும்.

குழாயில் மாட்டும் சாஃப்ட்னர்களில், கல்லுப்பு போட்டு அவ்வப்போது புதுப்பிக்கும் ரெசின் வகை கடினத்தை உண்மையாகவே எடுக்கும். உள்ளே உருண்டைகள் போட்ட சின்னச் சின்ன கார்ட்ரிட்ஜ்கள் ஓடு படிவதை மட்டும் தாமதப்படுத்தும். இரண்டுமே உப்பை எடுக்காது. ஆகவே தண்ணீர் கரிக்கிறது என்றால் சாஃப்ட்னரில் பணத்தைப் போடாதீர்கள். மெட்ரோ வாட்டருக்கென்று 200 லிட்டர் தனி டேங்க் வைத்து, மெஷின் குழாயை அதிலிருந்து மட்டும் எடுங்கள். ஒரு தடவை துவைக்க 50 முதல் 70 லிட்டர் போகும் என்பதால் இரண்டு மூன்று தடவைக்கு அது தாங்கும். டாப் லோடை விட ஃப்ரண்ட் லோடு தண்ணீரைக் குறைவாகக் குடிக்கும். லாரித் தண்ணீரை நம்பியிருக்கும் வீட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

வேகம்

டேங்கிலிருக்கும் தண்ணீர் மட்டத்துக்கும் மெஷின் குழாய்க்கும் 10 மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் அழுத்தம் ஏறக்குறைய 1 பார். பல மெஷின்கள் குறைந்தது 0.3 பார் கேட்கும், சில 0.5. அதாவது 3 முதல் 5 மீட்டர் உயரம். தரைத் தளத்தில் இருப்பவர்களுக்குப் பிரச்சினையில்லை. மேல் தளத்தில் இருந்து, தலைக்கு மேலேயே மொட்டை மாடியில் டேங்க் இருந்தால் 2 மீட்டர்கூடத் தேறாது. மெஷின் தண்ணீருக்காகக் காத்திருந்து காத்திருந்து பிழைக் குறியீடு காட்டி நின்றுவிடும். மெஷின் வைக்கப் போகும் குழாயில் 10 லிட்டர் பக்கெட் நிறைய எவ்வளவு நேரமாகிறது என்று பாருங்கள். ஒன்றரை நிமிஷத்துக்குள் நிறைந்தால் பொதுவாகச் சமாளிக்கும். மூன்று நிமிஷம் ஆனால், டேங்கை உயர்த்திக் கட்டுவதா, குழாய் திறந்தால் தானே ஓடும் சின்ன பிரஷர் பம்ப் வைப்பதா என்று மெஷின் வாங்கும் முன்பே முடிவு செய்யுங்கள்.

எதை வாங்குவது

கிலோ என்பது காய்ந்த துணியின் எடை. அதுவும் காட்டன் புரோகிராமுக்கு மட்டும். சிந்தெடிக் புரோகிராமில் அதில் பாதிதான். ஜீன்ஸ் ஒன்று சுமார் 700 கிராம், டபுள் பெட்ஷீட் 600 முதல் 800, காட்டன் புடவை 500, லுங்கி 250, சட்டை 200. நான்கு பேர் வீட்டில் ஒருநாள் விட்டு ஒருநாள் துவைத்தால் 7 கிலோ போதும். கனமான போர்வையையும் வீட்டிலேயே துவைக்க நினைத்தால் 8.

ஸ்பின் நிமிஷத்துக்கு 1000 அல்லது 1200 சுற்று இருந்தால் சென்னை வெயிலுக்குத் தாராளம். மொட்டை மாடி இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கொடி கட்டுகிறவர்களுக்கு, ஐப்பசி கார்த்திகை மழையில் 1400 கொஞ்சம் கைகொடுக்கும். மோட்டார் இன்வெர்டர் வகையாக இருந்தால் கார்பன் பிரஷ் தேய்ந்து மாற்றும் வேலையில்லை, சத்தமும் குறைவு. உள்ளே ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். தலையணை உறையில் ஏறிய தேங்காய் எண்ணெய் பச்சைத் தண்ணீருக்கு அசையாது.

பிறகு அளவு. அகலம் 60 சென்டிமீட்டர், உயரம் 85, ஆழம் மாடலைப் பொறுத்து 45 முதல் 60. எடை 60 கிலோவுக்கு மேல். ராயபுரத்துப் பழைய வீடுகளின் குறுகிய படிக்கட்டில் இதை இரண்டு பேர் தூக்கித் திருப்ப வேண்டும். படிக்கட்டின் அகலத்தையும் திருப்பத்தையும் டேப்பால் அளந்துவிட்டு ஆர்டர் கொடுங்கள். முன்கதவு திறக்க எதிரே அரை மீட்டருக்கு மேல் இடம் விட வேண்டும்.

மாட்டும்போது

பின்பக்கம் மூன்று அல்லது நான்கு நீளமான போல்ட்டுகள் இருக்கும். வண்டியில் வரும்போது டிரம் ஆடாமல் பிடித்துக்கொள்வதற்காகப் போட்டவை. அவற்றைக் கழற்றாமல் ஓட்டினால் முதல் ஸ்பின்னிலேயே மெஷின் நடந்து போகும், உள்பாகம் உடையும். கழற்றி, ஓட்டைகளுக்கு மூடி போட்டு, போல்ட்டுகளைப் பத்திரமாக வைத்திருங்கள். வீடு மாறும்போது மறுபடி மாட்ட வேண்டும்.

தரை கெட்டியாக இருக்கட்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டு இதற்கு ஆகவே ஆகாது. ரசமட்டம் வைத்து நான்கு கால்களையும் சரிசெய்து, காலில் உள்ள லாக் நட்டை மேல்நோக்கி இறுக்குங்கள். மூலைக்கு மூலை அழுத்திப் பார்த்தால் ஆடக் கூடாது.

கழிவுநீர்க் குழாயைப் பலரும் பாத்ரூம் தரையில் போட்டுவிடுகிறார்கள். அப்போது மெஷின் தண்ணீர் பிடிக்கப் பிடிக்க அது தானாகவே வெளியே வடிந்துகொண்டிருக்கும்; மெஷின் நிறையவே நிறையாது. குழாயின் வளைவு தரையிலிருந்து 60 முதல் 100 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். அதன் நுனி தண்ணீரில் மூழ்கவும் கூடாது.

ஹீட்டர் 2000 வாட் வரை இழுக்கும். 16 ஆம்பியர் மூன்று பின் பாயிண்ட், நல்ல எர்த், மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும் சுவிட்ச்) மூன்றும் கட்டாயம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாதீர்கள். பழைய வீடுகளில் பாயிண்ட்டில் மூன்றாவது ஓட்டை இருக்கும், ஆனால் எர்த் ஒயர் வந்திருக்காது. மெஷினைத் தொட்டால் சுள்ளென்று இருந்தால் உடனே நிறுத்தி எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் இது.

துவைக்கும்போது

டிரம்மில் துணியைப் போட்டபின் மேலே ஒரு சாண் இடம் இருக்க வேண்டும். துணி மேலே போய் விழுந்தால்தான் அழுக்குப் போகும். அடைத்துத் திணித்தால் சுற்றுமே தவிர வெளுக்காது. ஒரே ஒரு கனமான ஜமுக்காளத்தைத் தனியாகப் போட்டாலும் தப்பு. பாரம் ஒரு பக்கம் சாய்ந்து ஸ்பின்னே எடுக்காது, கூட நான்கு துண்டுகள் போடுங்கள். புடவை ஐந்தரை மீட்டர்; மடித்து வலைப்பையில் போட்டால் மற்ற துணிகளைச் சுற்றாது. ஜரிகையும் பட்டும் வேண்டவே வேண்டாம்.

ஃப்ரண்ட் லோடுக்கென்று விற்கும், குறைவாக நுரைக்கும் பவுடரையே வாங்குங்கள். 7 கிலோ மெஷின் நிறைய துணிக்கு நல்ல தண்ணீரில் 50 கிராம், கடினத் தண்ணீரில் 70 முதல் 80. பாதி துணிக்கு 30 போதும். கதவுக் கண்ணாடியில் நுரை பாதி வரை தெரிந்தால் சரி. கண்ணாடி முழுக்க வெள்ளையாகிவிட்டால் அளவு மிஞ்சிவிட்டது. மிஞ்சிய நுரை துணியை மெத்தையில் கிடப்பது போலத் தாங்கிக்கொள்ளும். அழுக்கு வெளியே வராது, மெஷினும் அலசலை நீட்டிக்கொண்டே போகும். தட்டில் இரண்டு கோடு போட்ட அறை முக்கியத் துவைப்புக்கு, ஒரு கோடு முன்துவைப்புக்கு, பூப்போட்டது கம்ஃபர்ட்டுக்கு. கஞ்சியை மெஷினில் காட்டாதீர்கள், பக்கெட்டிலேயே முக்கிக்கொள்ளுங்கள்.

நம்மூரில் குழாய்த் தண்ணீரே வருஷத்தில் பாதி நாள் 30 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. ஆபீஸ் சட்டை, நைட்டி, ஸ்கூல் யூனிஃபார்ம் எல்லாம் ஹீட்டர் இல்லாமலேயே வெளுத்துவிடும். படுக்கை விரிப்பு, உள்ளாடை, குழந்தைத் துணிகளுக்கு வாரம் ஒருமுறை 60 வைத்தால் போதும். 60 டிகிரி காட்டன் ஒரு தடவைக்குச் சுமார் 1 யூனிட். தினமும் போட்டால் இரண்டு மாத கரண்ட் பில்லில் 60 யூனிட் அதுவே எடுத்துக்கொள்ளும்.

மீன் வேலைக்குப் போய் வந்த துணியை முதலில் வெளியே உதறி, பச்சைத் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். மீன் ரத்தத்தில் நேராகச் சூடு பட்டால் கறை நூலில் பிடித்துக்கொள்ளும். செதில்கள் பம்ப்பை அடைக்கும். மணலி, எண்ணூர் ஆலை வேலையில் கிரீஸ் பட்ட சட்டையைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ துடைத்துவிட்டு மெஷினில் போடவே கூடாது. மூடிய டிரம்மில் ஆவி சேர்ந்து தீப்பிடிக்கும். பாத்திரம் கழுவும் லிக்விடைக் கறை மேல் தேய்த்து, அரைமணி ஊறவைத்து, நுரை போக அலசிய பிறகு 40 டிகிரியில் விடுங்கள். மஞ்சள் கறை துவைத்ததும் சிவந்துபோனால் பயப்பட வேண்டாம், சோப்பின் காரம் பட்டால் மஞ்சள் அப்படித்தான் நிறம் மாறும். ஈரத்தோடு வெயிலில் இரண்டு நாள் காயப்போட்டால் மங்கிவிடும்.

பராமரிப்பு

துவைத்து முடிந்ததும் கதவைச் சுற்றியுள்ள ரப்பரின் மடிப்பைத் துணியால் துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்தே வையுங்கள். சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்த அறைக் கதவைச் சாத்திவிடுங்கள்.

மாதம் ஒருமுறை கீழே வலது மூலையில் இருக்கும் பம்ப் ஃபில்டரைச் சுத்தம் செய்யுங்கள். பிளக்கைப் பிடுங்கி, தட்டையான தட்டு ஒன்றைக் கீழே வைத்து, சின்ன வடிகுழாய் இருந்தால் அதன் வழியே தண்ணீரை விட்டபின் ஃபில்டரை மெதுவாகத் திருகுங்கள். ஊக்கு, சில்லறை, ஹேர்பின், நூல்கட்டு எல்லாம் வரும். நடுவில் கரண்ட் போய்க் கதவு திறக்காமல், உள்ளே தண்ணீரோடு துணி மாட்டிக்கொண்டால் அதே வடிகுழாயில்தான் தண்ணீரை எடுக்க வேண்டும். பூட்டு விடச் சில நிமிஷங்கள் ஆகும். கைப்பிடியை இழுத்து உடைத்துவிடாதீர்கள். லாரித் தண்ணீர் வரும் வீடுகளில், தண்ணீர் உள்ளே நுழையும் இடத்து வலையில் மணலும் துருவும் சேரும். தண்ணீர் மெதுவாக ஏறுவது போலத் தெரிந்தால் முதலில் அதைக் கழற்றிக் கழுவுங்கள்.

கடினத் தண்ணீரென்றால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, துணி இல்லாமல், டிரம்மில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போட்டு 60 டிகிரியில் ஓட்டுங்கள். பிளீச்சிங் பவுடரோ பிளீச் திரவமோ அதனோடு சேரவே கூடாது, விஷ வாயு கிளம்பும்.

எலி இன்னொரு பெரிய தொல்லை. பல மெஷின்களின் அடிப்பக்கம் திறந்திருக்கும். எலி ஏறி ஒயரையும் குழாயையும் கடித்துவிடும். அடித்தகடு கேட்டு வாங்கிப் போடுங்கள், காற்றோட்ட ஓட்டைகளை மட்டும் அடைக்காதீர்கள். மழைத் தண்ணீர் ஏறும் தெருவானால் மெஷினுக்கு முழங்கால் உயரத்துக்கு அகலமான கான்கிரீட் மேடை கட்டிவிடுங்கள். அப்படியும் வெள்ளம் உள்ளே போய்விட்டால், வெளியே காய்ந்தது போலத் தெரிந்தாலும் பிளக்கை மாட்டாதீர்கள். மோட்டாரும் போர்டும் பம்ப்பும் கழற்றிக் காயவைத்து, இன்சுலேஷன் சோதித்த பிறகுதான் கரண்ட் கொடுக்க வேண்டும்.